ஸ்பிரிங் விலையில் இரண்டு நடை

சென்ற மாதம் போளூரில் ஒரு டீக்கடை மாடியில் ரோலிங் ஷட்டர் பழுது பார்க்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடினோம். ஆளுக்கொரு விலை சொல்வதால் ஊரில் பேச்சாகிவிட்டது, எல்லாரும் ஒரே விலை வைத்துக்கொள்ளலாமா என்று பேசுவதற்காக. நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இருந்தாலும் கூப்பிட்டார்கள், போனேன்.

தினேஷ் என்பவர் தனியாகப் பட்டறை வைத்திருக்கிறார். போனைத் திருப்பி எல்லாருக்கும் காட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ண்ணா, கஸ்டமர் போன்ல பாத்துட்டு வந்து நிக்கிறான். ஸ்பிரிங்கே இவ்ளோதான், நீ இன்னாத்துக்கு அதுக்கு மேல ஒரு பங்கு கேக்குறன்றான். உங்க பாய் பட்டறையில எப்பவுமே ஜாஸ்திதான்னு சொல்றாங்க. அது இன்னா கணக்கு, சொல்லுங்க.”

“மலைக்குப் போய்ட்டு வர்ற பஸ் டிக்கெட்ட எல்லார் தலையிலயும் போட்டுடுவாங்கடா,” என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது ஏறக்குறைய உண்மை.

அங்கே வாயால் சொல்லியிருந்தால் பாதியில் வேறு பேச்சு வந்து கலைந்திருக்கும். வீட்டுக்கு வந்து டைரிகளை எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த வாரத்திலிருந்து கடைசி நாள் வரை எல்லாம் இருக்கிறது. கிழமை, தமிழ் மாதம், ஊர், ஷட்டரின் அகலம், எத்தனை சுற்று, மழையா வெயிலா. “ஊர்ல இருக்குற ஷட்டருக்கெல்லாம் ஜாதகம் எழுதி வெச்சிருக்காரு,” என்பாள் என் மனைவி. அந்த ஜாதகங்களில் ஒன்றைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தினேஷ் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது.

முதலில் தொழிலைப் பற்றி நாலு வரி. கடையைத் திறக்கும்போது ஷட்டர் மேலே சுருண்டு போவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதன் எடையை நீங்கள் தூக்குவதில்லை, மேலே தகர மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் தூக்குகிறது. குறுக்கே ஒரு இரும்புக் குழாய் போகிறது. அதில் கோத்திருக்கும் வட்டப் பெட்டிகளுக்குள் பட்டை ஸ்பிரிங் சுருண்டு கிடக்கிறது. சாவி கொடுக்கிற பழைய கடிகாரத்துக்குள் இருப்பதும் இதே சாதிதான் என்று நூலகப் புத்தகம் ஒன்றில் படம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல இந்தக் குழாயை ரெஞ்சு போட்டுச் சுற்றவேண்டும். தேவையான சுற்று ஏறியதும் குழாயை இறுக்கிப் பூட்டிவிட வேண்டும். சுற்று கூடினால் ஷட்டர் கையை மீறி மேலே பாயும். குறைந்தால் கீழே விழும்.

சைக்கிள் கடையிலிருந்து நான் ஹபீப் பாயின் ஷட்டர் பட்டறைக்கு வந்தபோது எனக்கு இருபத்துநாலு வயது. முதல் மூன்று வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துரு சுரண்டினேன், ஷட்டரின் தகரப் பட்டிகளைக் கோத்தேன், ஏணி பிடித்தேன். டைரியிலும் அந்தப் பக்கங்கள் ஒவ்வொரு வரிதான்.

பாயைப் பற்றித்தான் சொல்லவேண்டும். ஒரு கடைக்குப் போனால் அவர் உடனே ஷட்டரைத் தொடமாட்டார். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்காருவார். டீ வாங்கிவரச் சொல்வார். டீ தீரும்வரை பார்ப்பார். பிறகு கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“காலைல யாரு தூக்குறாங்க?”

கடைக்காரருக்குக் குழப்பமாக இருக்கும். “யார் தூக்குனா இன்னா பாய்?” என்பார்கள். பஜாரில் ஒரு வளையல் கடை. கடைக்காரருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டு கை காதுக்கு மேலே போகாது. அவர் அதை வெளியே சொல்லாமல் தினமும் பக்கத்துக் கடைக்காரருக்காகக் காத்திருந்து திறந்துகொண்டிருந்தார். பாய் இந்தக் கேள்வியைக் கேட்டு விஷயத்தை வாங்கி, வழக்கத்தைவிட அரைச் சுற்று கூட்டி வைத்தார். மறுநாள் அந்த மனிதர் இடது கையால் ஷட்டரை ஏற்றிவிட்டுத் தெருவையே திரும்பிப் பார்த்தார். அது ஒரு புரட்டாசி சனிக்கிழமை, நான் எதிரே நின்றிருந்தேன்.

கேள்வி முடிந்ததும் விலை. ஒரே விலைதான், ரெஞ்சை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். கழற்றிப் போட்ட பிறகு விலை சொன்னால் கடைக்காரருக்கு வேறு வழியில்லாமல் போய்விடும், அது விலை இல்லை, மிரட்டல் என்பார். சொன்ன விலை அதிகம் என்று யாராவது சொன்னால் கோபப்பட மாட்டார்.

“இதுல ரெண்டு நடை இருக்குதுங்க. ஒண்ணு இன்னிக்கு வந்தது. இன்னொண்ணு நான் திரும்பி வர்றது.”

“எதுனா ஆச்சுன்னா கூப்புட்டா வரப்போறீங்க. அதுக்கு இன்னா முன்கூட்டியே காசு?”

“நீங்க கூப்புட்டா வர்றது இல்லீங்க இது. நான் பயந்தா வர்றது.”

இந்தப் பேச்சுக்குப் பின்னால் இருந்த கதையை அவர் ஒரே ஒரு முறை சொன்னார். இளவயதில் ஆரணியில் ஒரு தையல் கடைக்கு ஸ்பிரிங் மாற்றிவிட்டு வந்தார். குழாயின் பூட்டை முழுக்க இறுக்கினோமா என்று சந்தேகம். பஸ் கட்டணம் கையிலிருந்து போகுமே என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் ஷட்டர் தையல்காரர் பாதத்தில் விழுந்தது. அவர் மிதிக்கிற தையல் மெஷினை விட்டுவிட்டு மோட்டார் மெஷின் வாங்கவேண்டியதாயிற்று. “பயம் வந்துச்சு சேகரு. பஸ் காசுதான் வரல,” என்றார் பாய். அன்றிலிருந்து அந்தக் காசை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பிப் போக யோசிக்கவே கூடாது என்பதற்காக.

இன்னொரு வழக்கமும் அவருடையதுதான். குழாயைச் சுற்றும்போது ரெஞ்சு பிடிக்கிறவர் எண்ணக்கூடாது. “கனம் ஏற ஏற அவனுக்கு ஒண்ணு ரெண்டாத் தெரியும்,” என்பார். குழாயில் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு ஒரு சுற்று சுற்றி மேலே வந்ததும் ரெஞ்சு பிடிப்பவர் “வந்துச்சு” என்று சொல்லவேண்டும். கீழே நிற்கும் வேறொரு ஆள் சத்தமாக எண்ணவேண்டும். எங்கள் பட்டறையில் எண்ணுகிற ஆள் பெருமாள். என்னோடு இருபது வருடம் இருந்தவர், ஒருநாளும் எண்ணிக்கை பிசகாதவர்.

இனி அந்த ஆடி மாதத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வருடம் ஆகிறது. பாய்க்கு அப்போது எழுபதை நெருங்கிய வயது. ஏணி ஏறுவதை விட்டிருந்தார், வேலையைப் பங்கிடுவதை விடவில்லை. வியாழக்கிழமை காலை ஜமுனாமரத்தூரிலிருந்து அண்ணாமலை என்பவர் போன் செய்தார். புதூர்நாட்டுக்கு முன்னால் ஒரு சிற்றூரில் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். ஜீப் ஷெட்டின் ஷட்டர் ஸ்பிரிங் உடைந்துவிட்டது, ஜீப் உள்ளே மாட்டிக்கொண்டது, சுற்றியிருக்கிற ஊர்களுக்கு அது ஒன்றுதான் ஜீப். அவர் ஊரில் அப்போது செல்போன் டவர் கிடையாது. போன் செய்யவே பதினாலு கிலோமீட்டர் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்திருந்தார்.

பெருமாள் ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்குப் போயிருந்தார். நான் தனியாக ஸ்பிரிங்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஷெட் சாலையோரத்தில் இருந்தது. மலையில் மரக்கதவு போதாதா, எதற்கு ரோலிங் ஷட்டர் என்று கேட்டேன்.

“குரங்குங்க ண்ணா. எந்தக் கொண்டிய வெச்சாலும் எடுத்துடுது. ரெண்டு தபா சீட்டக் கிழிச்சிப் பஞ்சப் புடுங்கிப் போட்டுச்சு. மூணாவது தபா ஆரன அமுக்கி ஊரையே எழுப்பிடுச்சு.”

அண்ணாமலையின் அக்கா குப்பம்மா அங்கேயே இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். சந்தையில் சாமையும் கேழ்வரகும் அளப்பவர். ஷெட்டின் பின்பாதியில் அவருடைய மூட்டைகள் அடுக்கியிருந்தன. நான் பாய் பழக்கிவிட்டபடி கேட்டேன்: “காலைல யாரு தூக்குறாங்க?”

“நாந்தான். இவன் எழுந்துக்கறதுக்குள்ள ஜனங்க வந்துடுவாங்க,” என்றார் குப்பம்மா. விசாரித்ததில் விஷயம் புரிந்தது. ஜீப்புக்குக் காத்திருக்கிறவர்களுக்கு அந்த ஊரில் வேறு நிழல் இல்லை. மழை வந்தால் ஷட்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு, சாரல் படாமல் அதன் கீழேயே வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். அதை எழுதிக்கொண்டேன். ஆறு சுற்று வைத்தால் குப்பம்மா ஒரு கையால் தூக்கலாம், பாதியில் விட்டால் ஷட்டர் விட்ட இடத்தில் நிற்கும். ஐந்து வைத்தால் நிற்காது.

விலை சொன்னேன். அண்ணாமலை தலையாட்டினார். அக்கா ஆட்டவில்லை.

“இன்னா மேஸ்திரி, திருப்பத்தூர்ல இதுல பாதி சொல்றாங்க.”

“இதுல ரெண்டு நடை இருக்குதுக்கா. இன்னொருவாட்டி வர்றதும் சேத்து.”

“வர்லன்னா?”

“வர்லன்னா வேலை நல்லா இருக்குதுன்னு அர்த்தம்.”

“அப்ப நல்ல வேலை செஞ்சா வராத நடைக்கும் காசு. நல்லா இருக்குதே உன் நாயம்.” அண்ணாமலையிடம் திரும்பினார். “குடுறா. ரெண்டு நடைன்னு சொல்லிக்கிறாரு, ஞாபகம் வெச்சிக்க.”

ஊர்க்காரர்கள் நாலு பேர் தோள் கொடுத்து ஷட்டரைத் தூக்க, கட்டையை முட்டுக்கொடுத்து ஜீப்பை வெளியே எடுத்தோம். எடுத்த உடனே அது ஒரு பிரசவித்த பெண்ணையும் குழந்தையையும் வீட்டில் விடக் கிளம்பிப் போய், ஒரு மணி நேரத்தில் திரும்பியது. நான் மூடியைக் கழற்றி, குழாயை இறக்கி, உடைந்த ஸ்பிரிங்கை எடுத்து, புதியதைப் பெட்டியில் உட்காரவைத்தேன். இதில் அவசரம் ஆகாது. பட்டை ஸ்பிரிங் கட்டு அவிழ்ந்தால் கத்தி வீசுவதுபோல விரியும். இடையில் குப்பம்மா சாமைச்சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். குழாயைத் திரும்ப ஏற்றி, பட்டிகளைப் பெட்டிகளோடு பூட்டி முடிக்கும்போது மூன்று மணி. கடைசி பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கு அங்கிருந்து கிளம்பவேண்டும். மேற்கே மழை கட்டியிருந்தது.

இரண்டு ரெஞ்சில் ஒன்றை நான் பிடித்தேன். நான் மாற்றிப் பிடிக்கும்போது குழாய் பின்னால் ஓடாமல் நிறுத்த மற்றதை அண்ணாமலையிடம் கொடுத்தேன். எண்ணுவதற்கு ஆள் வேண்டும்.

“யக்கா, கோடு மேல வர்றப்பல்லாம் நான் ‘வந்துச்சு’ன்னு சொல்வேன். நீங்க எண்ணிக்கினே வாங்க. ஆறு வந்தா சொல்லுங்க.”

“காலத்துக்கும் எண்றதுதான் என் வேல. எனக்கே சொல்லிக் குடுக்குறியா?” என்று மூட்டைமேல் உட்கார்ந்தார். மடியில் புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டார். தானியம் அளக்கும்போது ஒரு படிக்கு ஒரு கொட்டை ஒதுக்கிவைப்பது அவர் வழக்கம்.

நெல் மண்டிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அளக்கிறவர்கள் “ஒன்று” என்று ஆரம்பிக்க மாட்டார்கள். முதல் படியை “லாபம்” என்பார்கள், அடுத்தது “ரெண்டு”. குப்பம்மாவும் “லாபம்” என்றார். எனக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை, நானும் விவசாயக் குடும்பம்தான். ரெண்டு, மூணு என்று போயிற்று. கடைசிச் சுற்றில் நானும் அண்ணாமலையும் உடம்பையே ரெஞ்சின்மேல் சாய்த்தோம். “ஆறு!” என்றார் குப்பம்மா. குழாயை இறுக்கிப் பூட்டினேன்.

ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பாதியில் நின்றது. ஷட்டரின் ஓரங்கள் ஓடுகிற இரண்டு பக்கக் காடிப் பள்ளத்திலும் மலைச் சேறு காய்ந்து துருவோடு அப்பிக் கிடந்ததால் ஷட்டர் இறுக்கமாகவே ஓடியது. உட்கார்ந்து சுரண்ட நேரமில்லை. அண்ணாமலையிடம் கிரீஸ் டப்பாவைக் கொடுத்து, நாளைக்குச் சேற்றை எடுத்துவிட்டு இதைத் தடவுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் ஜீப்பிலேயே பஸ்ஸுக்கு வந்தேன். அன்றைய டைரியில் இப்படி எழுதியிருக்கிறேன்: “ஆறு சுற்று. பாதியில் நிற்கிறது. நல்ல சாப்பாடு.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஏழரை மணிக்குப் பட்டறைக்குப் போகும் வழியில் ஒரு மண்டி வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அளந்துகொண்டிருந்தார்கள். அளப்பவர் மரக்காலைக் குவியலுக்குள் சொருகினார். சொருகும்போதே “லாபம்” என்றார். பிறகுதான் அள்ளினார், பிறகுதான் கொட்டினார். நான் நாலு கடை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

“ஏம்பா, லாபம்னு எப்ப சொல்றே? அள்றதுக்கு முன்னாடியா, கொட்டன பின்னாடியா?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “உள்ள வுடும்போதுதான். மொதல்ல சொன்னாத்தானே லாபம் வரும்? கொட்டிட்டு அப்புறம் சொல்லி இன்னா பிரயோஜனம்?”

அங்கேயே நின்றேன். நேற்று “லாபம்” காதில் விழுந்தபோது என் கை எங்கே இருந்தது? ரெஞ்சின் வாயைக் குழாயில் பொருத்திக்கொண்டிருந்தேனா, முதல் சுற்று முடித்து “வந்துச்சு” சொல்லியிருந்தேனா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. நான் “ஆறு” என்ற சொல்லுக்காக மட்டுமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர் மண்டிக்காரர் போலவே எண்ணியிருந்தால், எண்ணிக்கை ஆறு, ஸ்பிரிங்கில் இருப்பது ஐந்து. ஷட்டரைப் பாதியில் நிறுத்தியது ஸ்பிரிங் இல்லை, காடியில் இருந்த சேறு. அந்தச் சேற்றை எடுத்துவிட்டுக் கிரீஸ் தடவச் சொல்லிவிட்டு வந்தவன் நான்.

அண்ணாமலை எண்ணுக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

பட்டறையில் பாய் கணக்கு நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அன்று மதியம் ஒரு நகைக்கடைத் திறப்புவிழா. அதன் ஷட்டர் என் பொறுப்பு. விஷயத்தைச் சொன்னேன். “நிச்சயமாத் தெரியல பாய். சரியாக்கூட இருக்கலாம்.”

“தெரியல, சரி. பயமா இருக்குதா?”

“இருக்குது பாய்.”

“அப்புறம் இங்க நின்னுகினு இன்னா பண்றே? நகைக்கடைக்கு நான் போறேன்.”

“நீங்க ஏணி ஏறக்கூடாது.”

“ஏணி ஏற ஆள் புடிக்கத் தெரியும். நடய்யா.”

ஜமுனாமரத்தூரில் இறங்கி ஜீப் ஸ்டாண்டில் அண்ணாமலையைக் கேட்டேன். காலையிலிருந்து அவர் ஜீப் வரவில்லை என்றார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நெல்லிவாசல் பக்கம் போகிற வேறொரு ஜீப் என்னை ஒரு கைகாட்டியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் நடை. பாதி வழியில் தலையில் விறகோடு எதிரே வந்த ஒருவரை நிறுத்தினேன்.

“அண்ணாமலை ஊர்லதான் இருக்காரா?”

“இருக்கான். அவன் ஷெட்டு ஷட்டரு காலைல வுழுந்துடுச்சே.”

“யாருக்காவது அடியா?”

“அது இன்னா எழவோ, ஒரே கூச்சலா இருந்துச்சு. நான் கொல்லிக்கு வெறகு வெட்டப் போய்ட்டேன்,” என்று நடந்தார்.

அந்த ஒன்றரைக் கிலோமீட்டரைப் பற்றி டைரியில் ஒன்றும் எழுதவில்லை. ரெஞ்சுப் பை தோளை அறுத்தது நினைவிருக்கிறது. ஆரணித் தையல்காரரை நான் பார்த்ததே இல்லை. அன்று அவர் பாதம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நேற்று ஷட்டருக்குக் கீழே உட்கார்ந்திருந்து, காலை ஜீப்புக்கு வருகிறோம் என்று திரும்பிப் போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்: வெற்றிலைப் பை வைத்திருந்த கிழவர், பலாப்பழத்தோடு வந்த பெண், பள்ளி விடுதிக்குப் போகக் காத்திருந்த இரண்டு சிறுமிகள்.

திருப்பத்தில் ஷெட் தெரிந்தது. ஷட்டர் பாதி உயரத்தில் நின்றது. தானாக நிற்கவில்லை. இரண்டு ஓரத்திலும் கல்லுரலைக் கவிழ்த்து, அதன்மேல் கட்டை வைத்து முட்டுக்கொடுத்திருந்தார்கள். ஜீப் உள்ளே இருந்தது. வாசலை மறித்து ஒரு கட்டில் குறுக்கே போட்டிருந்தது. கட்டிலில் குப்பம்மா உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் எதிரே வேலியோரம் வெயிலில் நின்றார்கள். நான் முதலில் அவர்களை எண்ணினேன். கிழவர் இருந்தார். சிறுமிகள் இரண்டு பேரும் இருந்தார்கள். பலாப்பழக்காரப் பெண் பழம் இல்லாமல் நின்றார்.

“தோ, வந்துட்டாரு பாரு,” என்றார் குப்பம்மா, தம்பியிடம். “வருவாருன்னு சொன்னனா இல்லியா?”

அண்ணாமலை கிரீஸ் கையோடு ஓடிவந்தார். “இன்னா ண்ணா, எதுனா மறந்து வெச்சிட்டுப் போய்ட்டீங்களா?”

“ஆமா. ஒரு சுத்து.” எனக்கு மூச்சு வாங்கியது. “யாருக்காச்சும் அடி பட்டுச்சா?”

“பலாப்பழத்துக்குத்தான்.”

நடந்தது இதுதான். காலையில் ஜீப்பை எடுப்பதற்கு முன் அண்ணாமலை காடியைச் சுத்தமாகச் சுரண்டிக் கிரீஸ் தடவியிருக்கிறார். நான் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். ஷட்டரைப் பாதிவரை ஏற்றி, வழக்கம்போல அங்கே நிறுத்திக் கையை விட்டார். அது கண்மூடித் திறப்பதற்குள் கீழே வந்தது. ஷட்டர் ஏறியதுமே அதற்கு நேர் கீழே வந்து உட்கார்ந்த பலாப்பழக்காரப் பெண், கூடையை ஆடு முகர்வதைப் பார்த்து விரட்ட எழுந்து நாலு அடி போயிருந்தார். ஷட்டரின் அடிப்பட்டை அவர் வைத்துவிட்டுப் போன பழத்தை இரண்டாகப் பிளந்தது.

“ஆட்டத் திட்டிக்கினே போனேன்,” என்றார் அந்தப் பெண். “இப்ப அதுக்கு தினமும் ஒரு கட்டு தழை போடலாம்னு இருக்கேன்.”

அண்ணாமலைக்குக் கோபம். திருப்பத்தூரிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவரக் கிளம்பியிருக்கிறார். அக்கா விடவில்லை. நாலு பேரை வைத்துப் பாதிவரை தூக்கி முட்டுக்கொடுக்கச் சொன்னார். மேஸ்திரி இல்லாமல் அதற்குமேல் ஏற்றக்கூடாது, யாரும் கீழே போகக்கூடாது என்று கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா நம்பிக்கையில யக்கா நான் வருவேன்னு சொன்னீங்க? எனக்குச் சேதி சொல்லக்கூட ஆளில்லியே.”

“ரெண்டு நடைக்கு வாங்கிக்கினு ஒண்ணுதான வந்தே? இன்னொண்ணு பாக்கி இருக்குதுல்ல?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அதுவும் இல்லாம, தப்பு உன்து மட்டும் இல்ல,” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஆறு புளியங்கொட்டைகள். “வுழுந்த சத்தம் கேட்டதுமே இத எடுத்துப் பாத்தேன். ஆறு சரியாத்தான் இருக்குது. ஆனா மொத கொட்டையப் போடும்போது நீ இன்னும் இழுக்கவே இல்ல. ரெஞ்ச மாட்டிக்கினு இருந்தே. நாங்க படிய உள்ள வுடும்போதே லாபம் சொல்லிடுவோம்.”

“கேக்க வேண்டியது நான்தான் யக்கா.”

“கேட்டிருக்கணும். இன்னிக்கு வந்துட்டே இல்ல, வுடு.”

நாலு பேர் ஷட்டரை முழுக்கத் தூக்கிப் பிடிக்க, மூடியைக் கழற்றி ரெஞ்சைப் போட்டேன். பூட்டைத் தளர்த்துவதற்கு முன் குப்பம்மாவிடம் சொன்னேன்: “யக்கா, இப்ப ஒரே ஒரு சுத்துதான். இந்தத் தபா ‘ஒண்ணு’ன்னே சொல்லுங்க. குழப்பம் வேணாம்.”

“ஒண்ணுன்னு என் வாயில வராது. லாபம்னுதான் சொல்வேன். கோடு வந்தப்புறம் சொல்றேன், போதுமா?”

இழுத்தேன். அண்ணாமலை பிடித்தார். மாற்றி இழுத்தேன். கோடு மேலே வந்தது. “வந்துச்சு,” என்றேன்.

குப்பம்மா எழுந்து வந்து, கழுத்தை நீட்டி, சாக்பீஸ் கோட்டைத் தன் கண்ணால் பார்த்தார். அதற்கப்புறம்தான் சொன்னார்: “லாபம்.”

பூட்டை இறுக்கினேன், இரண்டு முறை. கட்டைகளை எடுத்தோம். ஷட்டரைப் பாதிக்கு இறக்கிக் கையை விட்டேன். நின்றது. கொஞ்சம் கீழே தள்ளி விட்டேன். அங்கேயும் நின்றது. குப்பம்மா ஒரு கையால் மேலே தள்ள, அது சொன்னபடி கேட்டு ஏறியது. ஜீப் வெளியே வந்தது. நான் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தேன். பலாப்பழக்காரப் பெண் பிளந்த பழத்தின் சுளைகளை ஒரு இலையில் கொண்டுவந்து கொடுத்தார். விற்க முடியாத பழம், எல்லாருக்கும் கொடுத்தார். அவ்வளவு இனிப்பான பழத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் தின்றதில்லை.

சாயங்காலம் பட்டறைக்குத் திரும்பினேன். நகைக்கடை ஷட்டர் நேரத்துக்குத் திறந்துவிட்டது என்றார் பாய். ஏணி ஏறினீர்களா என்று கேட்டேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். “உன்து இன்னாச்சு?” என்றார். சொன்னேன். “அல்ஹம்துலில்லாஹ்,” என்று சொல்லி நோட்டில் மலைவேலைக்கு எதிரே இரண்டாவது கோடு ஒன்று போட்டார். எங்கள் நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் திரும்பிப் போன நடைக்கு ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

அடுத்த வாரம் பெருமாள் திரும்பி வந்ததும் எங்கள் எண்ணிக்கையை மாற்றினோம். கோடு வந்து, “வந்துச்சு” சொல்லி, எண்ணுகிறவர் கோட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கவேண்டும். முதல் சுற்றுக்கு “லாபம்” என்று சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டோம். எங்கள் பட்டறையிலிருந்து பிரிந்துபோனவர்கள் இன்றும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். அவர்களைப் பார்த்துப் பழகியதோ என்னவோ, தினேஷும் அப்படி எண்ணுவதை ஒருநாள் கேட்டிருக்கிறேன்.

ஆகவே தினேஷ், உங்கள் கேள்விக்கு வருகிறேன். போனில் போட்டிருப்பது இரும்பின் விலை. அது சரியான விலைதான், அதில் பொய் இல்லை. அதோடு உங்கள் கூலியையும் போகவர ஆகிற செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொரு முறை போகவர ஆகிற செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கஸ்டமர் ஏன் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். பொது விலை என்று எதை முடிவு செய்தாலும் இதை மட்டும் வெட்டிவிடாதீர்கள். முக்கால்வாசி முறை அந்தக் காசு உங்களிடமே தங்கிவிடும். தங்கினால் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள், அது திருட்டு இல்லை. என் கடைசி டைரியில் கடைசிப் பக்கத்தில், போகவேண்டிய நடை எதுவும் பாக்கியில்லை என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அன்று இரவு தூங்கியதுபோல நான் வேலையில் இருந்த காலத்தில் தூங்கியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நான் ஜீப்பில் ஏறும்போது தூறல் ஆரம்பித்தது. வேலியோரம் நின்றவர்களில் அடுத்த நடைக்குக் காத்திருந்தவர்கள் யாரும் ஷெட்டுப் பக்கம் நகரவில்லை. காலையில் பார்த்தது அவர்களுக்கு மறக்கவில்லை. குப்பம்மா ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார், கட்டிலை இழுத்து அதற்கு நேர் கீழே போட்டார், தலைக்கு மேலே அடிப்பட்டை இருக்கும்படி அதில் படுத்துக் காலை நீட்டிக்கொண்டார்.

“நனைஞ்சிக்கினு நிக்கிறீங்களே, வாங்க,” என்றார்.

கிழவர் முதலில் வந்தார். பிறகு சிறுமிகள். கடைசியாக அந்தப் பெண் காலிக் கூடையோடு வந்து, மேலே ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, காலையில் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்தார்.